21 நாளுக்கு முன்னும் பின்னும்

“கடையில வாங்கின முட்டைய அடை வெச்சா குஞ்சு வருமா?” மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கேட்டால் பெரியவர்களிலும் பல பேர் தயங்குவார்கள்.

வராது. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளின் கூண்டுகளில் நிற்பவை எல்லாமே பெட்டைகள். அங்கே சேவலுக்கு வேலையே கிடையாது. முட்டையிடக் கோழிக்குச் சேவல் தேவையில்லை; அந்த முட்டை குஞ்சாக வேண்டும் என்றால்தான் தேவை. சேவல் சேராத முட்டையை எந்த அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் வைத்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இன்குபேட்டரில் அடுக்கினாலும், 21 நாள் கழித்துக் கிடைப்பது கூமுட்டைதான். ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை, அது பொரிக்கும் என்று நம்பி ஓர் அட்டை வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. உள்ளே கரு கூடியிருக்கிறதா என்பதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

இந்த அடிப்படையிலேயே இவ்வளவு குழப்பம் இருக்கும்போது, நர்சரிப் பள்ளிகளிலும் வீடுகளிலும் ‘குழந்தைகளோடு குஞ்சு பொரித்தல்’ ஒரு செயல்வழிப் பாடமாகப் பரவுவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாடம் நல்ல பாடம்தான். ஓர் உயிர் உருவாகிற முறையை, புத்தகத்தில் படமாகப் பார்க்காமல், கண்ணெதிரே ஒவ்வொரு நாளாக உடனிருந்து பார்க்கிற வாய்ப்பு நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு எதிலும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஆனால் நம் ஆட்களின் கவனம் முழுக்க அந்த 21 நாளில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் முட்டை எங்கிருந்து வருகிறது, அதற்குப் பின்னால் குஞ்சு எங்கே போகிறது என்ற இரண்டையும் யோசித்து வைத்தவர்கள் குறைவு. அதை முடிவு செய்யாமல் முட்டையை வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு முதல் கோழிக்குஞ்சு சாயக் குஞ்சாகத்தான் அறிமுகமாகியிருக்கும். பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் முக்கிய குஞ்சுகளைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுப் போவார்கள். பிள்ளை அழுது அடம்பிடிக்க, அம்மா வாங்கித் தர, அட்டைப் பெட்டியில் நாலு அரிசி போட்டு வைக்க, இரண்டு மூன்று நாளில் குஞ்சு செத்துப்போகும். “அது அப்படித்தான்” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

அது அப்படித்தான் என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துக் கொடுக்கும் பொரிப்பகங்களில், பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி ஆண். ஆண் முட்டையிடாது, முட்டைக்கென்றே வளர்த்தெடுத்த இனம் என்பதால் இறைச்சிக்கும் சதை பிடிக்காது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இந்த ஆண் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கழித்துவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அப்படிக் கொல்வதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. இங்கே அவற்றில் ஒரு பங்குதான் சாயத்தில் குளித்துத் தெருவுக்கு வருகிறது. சாயத்துக்கு முன்பே அந்தக் குஞ்சுக்குத் தாயின் சூடும் இல்லை, வளர்க்க யாரும் இல்லை. யார் வளர்ப்பது என்று தீர்மானிக்காமல் வகுப்பறையில் பொரிக்கும் குஞ்சின் கதையும் இதிலிருந்து பெரிதாக வேறுபடாது. பிரிட்டனின் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ., பள்ளிகளில் குஞ்சு பொரிப்பதை ஊக்குவிப்பதில்லை. பொரித்த பிறகு குஞ்சுகளின் கதி என்ன என்பது அவர்களுடைய முக்கியமான கேள்விகளில் ஒன்று. பிரிட்டன் போன்ற நாடுகளில் பொரிக்கப்போகும் தறுவாயில் உள்ள முட்டைகளை இன்குபேட்டரோடு வாடகைக்குக் கொண்டுவந்து வைத்து, குஞ்சுகள் வந்து சில நாள் ஆனதும் திருப்பி எடுத்துப்போகும் வியாபாரமே நடக்கிறது. பிள்ளைகள் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டுவார்கள். காத்திருப்பதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. அதில் என்ன பாடம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே முட்டை எங்கே வாங்குகிறோமோ அங்கேயே பேசிவிடுவது நல்லது. சேவலோடு நாட்டுக்கோழி வளர்க்கும் வீடு ஒன்றைப் பிடியுங்கள். “முட்டை குடுங்க, பொரிச்ச குஞ்ச நாங்களே கொண்டாந்து விட்டுடறோம்” என்று சொன்னால் வேண்டாம் என்பவர்கள் குறைவு. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். ஒருமுறை சேவல் அணைந்த பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் வரைகூடப் பெட்டை கருவுள்ள முட்டை இடும்.

முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. கழுவக்கூடாது, ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மெல்லிய பூச்சுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்த முட்டையும் சரிவராது. இதற்குப் பின்னால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த ஒரு செய்தி உண்டு. கோழியின் உடம்புக்குள் முட்டை உருவாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அந்த ஒரு நாளில், அந்த உடம்புச் சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடுகிறது. வெளியே வந்து 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். சாகாது, காத்திருக்கும். அதனால்தான் பத்துப் பன்னிரண்டு நாளாக இட்ட முட்டைகளைக் கோழி ஒன்றாகச் சேர்த்து அடை உட்கார்ந்தாலும் குஞ்சுகள் கிட்டத்தட்ட ஒரே நாளில் வெளிவருகின்றன. நம்மூர்க் கோடையில் அறையே 33, 34 டிகிரியில் இருக்கும்போது கரு நிற்கவும் முடியாமல் சரியாக வளரவும் முடியாமல் நலிந்துபோகிறது. சித்திரை வெயிலில் சேர்த்த முட்டை சரியாகப் பொரிக்காததற்கு இது முக்கியமான காரணம். தானியப் பானைக்குள் முட்டையைப் புதைத்து வைத்த பாட்டிகளுக்கு டிகிரிக் கணக்கு தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்திருந்தது.

அடை வைப்பதற்கு முன் இரண்டு முட்டைகளை உடைத்தும் அவித்தும் காட்டிவிடுவது நல்லது. மஞ்சள் கருதான் குஞ்சாகிறது என்று பெரியவர்கள் பலரே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குஞ்சும் மஞ்சளாக இருப்பதால் வந்த மயக்கமாக இருக்கலாம். மஞ்சளின் மேல் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். குஞ்சு தொடங்குவது அங்கேதான். மஞ்சள் அதற்கான கட்டுச்சோறு. வெள்ளைக்கரு தண்ணீரும் புரதமும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பைக் குஞ்சு ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஓடு வெறும் சுவராக நில்லாமல் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறது.

அவித்த முட்டையில் பார்க்க வேண்டியது வேறு. சத்துணவு முட்டையை உரிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அதன் அகன்ற முனையில் ஒரு பள்ளம் இருப்பதைப் பார்த்திருக்கும். ஏன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது காற்றறை. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே முட்டைக்குள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போக, அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. அடையில் இருக்கும் முட்டை 18 நாளில் தன் எடையில் சுமார் 12 சதவீதத்தை இப்படி இழக்கும். 50 கிராம் முட்டை 44 கிராம் ஆகிவிடும். எடை பார்க்கத் தெரிந்த வயதுப் பிள்ளைகள் இருந்தால், சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதச் சொல்லலாம். ‘குஞ்சு வளர வளர முட்டை கனக்கும்’ என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கும். தராசு வேறு சொல்லும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

அடைக்கோழியா இயந்திரமா என்பது அடுத்த கேள்வி. முடிந்த இடத்தில் எல்லாம் கோழிதான் என்பேன். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைத்து, இடி விழுந்தால் கலங்கிவிடும் என்று ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பது நம் கிராமத்து வழக்கம். இடிக்கும் கூமுட்டைக்கும் தொடர்பு இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் மணல் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும், முட்டையை உருளாமல் வைக்கும். ஒற்றைப்படையில் முட்டை வைப்பதும், முனை கூர்மையாக இருந்தால் சேவல் என்பதும் நம்பிக்கைகள்தான். பிள்ளைகளை அதைச் சோதித்துப் பார்க்க விடலாம்: கூர் முனை முட்டையில் பென்சிலால் குறிபோட்டு வைத்து, பொரித்த குஞ்சின் காலில் நூல் கட்டி, இரண்டு மாதம் கழித்துக் கொண்டையைப் பார்த்தால் தெரிந்துபோகும். நூலை மட்டும் வாராவாரம் தளர்த்திக் கட்ட வேண்டும்.

கோழி செய்கிற வேலையைத் தள்ளி உட்கார்ந்து கவனித்தாலே ஒரு மாதப் பாடம் இருக்கிறது. அடை உட்கார்ந்த கோழி வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படும்படி அமர்ந்திருக்கும். அலகால் முட்டைகளைப் புரட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒருமுறை எழுந்து, சிலிர்த்துக்கொண்டு ஓடி, அவசர அவசரமாகக் கொத்தித் தின்று, தண்ணீர் குடித்து, ஒரு பெரிய எச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். கிட்டப் போனால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமும். கை நீட்டினால் கொத்தும். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்று வளர்கிற பிள்ளைக்கு, இது எனக்காக நடக்கிற காட்சியில்லை என்று அந்தக் கொத்து சொல்லிவிடும்.

ஒரு விஷயம்: எல்லாக் கோழியும் அடை உட்காராது. வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக்கோழிகளிடமிருந்து அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தே விட்டார்கள். அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும், பண்ணைக்கு நட்டம் என்பதுதான் காரணம்.

நகரத்துப் பள்ளிக்கு அடைக்கோழி கிடைக்காது, இன்குபேட்டர்தான். தெர்மாகோல் பெட்டி, பல்பு, தெர்மோஸ்டாட் வைத்துக் கையால் செய்ததும் வேலை செய்யும். காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி, அதிலிருந்து கொஞ்சம்கூட அதிகம் விலகக் கூடாது. முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கை ஏனென்றால், இராத்திரி முழுக்க முட்டை ஒரே பக்கத்தில் கிடக்கும்போது நேற்றைய பக்கத்துக்கே இன்றும் வந்துவிடக் கூடாது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டுவிட்டால், இன்று எது மேலே என்று யூ.கே.ஜி. பிள்ளையே சொல்லிவிடும்.

சனி, ஞாயிறு யார் திருப்புவது? பள்ளிகளில் இந்தத் திட்டம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தானாகத் திருப்பும் தட்டு உள்ள இயந்திரம் வேண்டும், இல்லையென்றால் டீச்சர் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். மின்தடையும் வரும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் மாலைதான் திரும்பும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் செய்தியில்லை. பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டால் சில மணி நேரம் தாங்கும். கோழியும்தான் தினமும் எழுந்து போகிறது. குளிரைவிடச் சூடுதான் ஆபத்து. 40 டிகிரியைத் தாண்டி நின்றால் கரு பிழைப்பது அரிது. பெட்டியை ஜன்னல் வெயிலில் வைத்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

முட்டை வைக்கும் கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வைத்தால் மூன்றாம் வாரச் செவ்வாயை ஒட்டிப் பொரிக்கும்; முன்னே பின்னே ஒரு நாள் ஆனாலும் பள்ளி திறந்திருக்கும். சனிக்கிழமை வைத்தால் பூட்டிய வகுப்பறையில் குஞ்சு பொரிக்கும். பொரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வேண்டும் என்பதால் பொங்கலையும் அரையாண்டு விடுமுறையையும் காலண்டரில் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். கோடை வேண்டவே வேண்டாம்.

இனி ஏழாம் நாள். அறையை இருட்டாக்குங்கள். மொபைல் டார்ச்சைப் போட்டு, விளக்கின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்து, சுற்றிலும் கையால் வெளிச்சம் கசியாமல் பொத்தினால் முட்டை முழுக்க ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் பரவும். கரு கூடிய முட்டையில், நடுவே கறுப்பாக ஒரு பொட்டும், அதிலிருந்து நாலாபுறமும் பிரிந்தோடும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரியும். கண் கொட்டாமல் பார்த்தால் அந்தப் பொட்டு ஒருமுறை துள்ளும். வகுப்பில் அதுவரை இருந்த சத்தம் எல்லாம் அப்போது நிற்கும். பிறகு இரண்டு மடங்காகத் திரும்ப வரும். கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் கண். இதயம் மூன்றாம் நாளிலேயே துடித்துக்கொண்டிருக்கும். 2300 ஆண்டுக்கு முன் அரிஸ்டாட்டில் முட்டைகளை உடைத்துப் பார்த்து, வெள்ளைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி துடிப்பதை எழுதி வைத்தார். அவருக்கு டார்ச் இல்லை. நமக்கு இருப்பதால் நாம் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

(ஓடே இல்லாமல் பிளாஸ்டிக் தாளில் குஞ்சு வளரும் ஜப்பானிய வீடியோ எல்லார் கைபேசிக்கும் வந்திருக்கும். அது பொய்யில்லை, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. ஆனால் அதற்குத் தனியாகச் சுண்ணாம்புச் சத்தும் ஆக்சிஜனும் கொடுத்தார்கள், அப்படியும் பல கருக்கள் பிழைக்கவில்லை. வீட்டில் கிண்ணத்தை வைத்து முயல வேண்டாம்.)

அதே ஏழாம் நாளில் சில முட்டைகள் வெறும் மஞ்சளாக ஒளிரும். அவற்றில் கரு கூடவில்லை. சிலவற்றில் நரம்புக்குப் பதில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருக்கும். கரு தொடங்கி நின்றுபோனது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அழுகி வெடிக்கும், நாற்றம் ஊரைக் கூட்டும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பன்னிரண்டு வைத்தால் எட்டோ ஒன்பதோ பொரிப்பது நல்ல பலன். முதல் நாளிலேயே “எல்லாம் பொரிக்காது” என்று சொல்லி, எத்தனை பொரிக்கும் என்று ஆளுக்கொரு எண் சொல்லச் சொல்லி எழுதி ஒட்டிவைக்கலாம். “அது தூங்குது”, “சாமிகிட்ட போயிடுச்சு” போன்ற சமாதானங்கள் நாலு வயதில் வேறு பயங்களைக் கிளப்பும். இரவில் தூங்கப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. “இந்த முட்டைக்குள்ள வளர்றது நின்னுபோச்சு, இனிமே வளராது” என்பது போதும். அதே கேள்வியை மறுநாளும் கேட்பார்கள். அதே பதிலை அதே வார்த்தையில் சொல்லுங்கள். இறந்தது திரும்பாது என்பது அந்த வயதில் ஒரே தடவையில் பிடிபடுகிற செய்தியில்லை.

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது. அதன் பிறகு நடப்பதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டு கெடுக்கிறார்கள்.

முட்டைக்குள் இடம் போதாமல், காற்றும் போதாமல் போகிற கட்டத்தில் குஞ்சு முதலில் ஓட்டை உடைப்பதில்லை. காற்றறையின் சவ்வைக் கிழித்து அதற்குள் அலகை நுழைக்கிறது. வாழ்நாளில் முதல்முறையாக நுரையீரலால் மூச்சு விடுவது அப்போதுதான். மூடிய பெட்டியோடு காதை ஒட்டி வைத்தால் உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் கேட்கும். பிறகு அலகின் நுனியில் இதற்கென்றே முளைத்திருக்கும் ஒரு சிறு முள்ளால் ஓட்டைத் தட்டி ஓர் இடத்தில் விரிசல் விடுகிறது. அவ்வளவுதான், பிறகு மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. “பாவம், மாட்டிக்கிச்சு” என்று யாராவது ஒருவர் நகத்தால் ஓட்டைப் பெயர்க்கக் கிளம்புவார்.

சும்மா கிடப்பதுபோல் தெரிகிற அந்த நேரத்தில் உள்ளே முக்கியமான இரண்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. இதுவரை மூச்சுக்கு உதவிய சவ்வு முழுக்க இரத்த நாளங்கள். அந்த இரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்பிப் போய் நாளங்கள் வற்ற வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கருப் பை தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டு, தொப்புள் மூட வேண்டும். இரண்டும் முடிவதற்குள் ஓட்டைப் பெயர்த்தால் இரத்தம் கொட்டும், பை வெளியே தொங்கும், குஞ்சு சாகும். முதல் விரிசலிலிருந்து வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. சிலது இன்னும் இழுக்கும். நேரம் வந்ததும் குஞ்சு உள்ளேயே சுழன்று சுழன்று அகன்ற முனையை வட்டமாக வெட்டி, உந்தித் தள்ளி வெளியே விழும். பெற்றோரை வரவழைத்து மணி குறித்து வீடியோ எடுக்க நினைக்கும் பள்ளிகளிடம் குஞ்சு ஒத்துழைக்காது.

வெளியே விழுந்தது அழகாகவும் இருக்காது. ஈரமாய், ஒட்டிய மயிரோடு, தலை தூக்க முடியாமல் புரண்டு கிடக்கும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் சிலர் அழுதுவிடுவார்கள். சில மணி நேரத்தில் காய்ந்து பஞ்சாகிவிடும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும் என்பதால் உடனே தீனி கொடுக்க ஓட வேண்டாம். மற்றவை பொரிக்கும்வரை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

குஞ்சைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா? ஆரோக்கியமாகத் தெரிகிற குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும். அதனால் அந்த வயதினர் பார்க்கட்டும், கையில் எடுக்க வேண்டாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு துணி விரித்து, ஆள் மாற்றி ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளலாம். முத்தம் கொடுப்பது கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சாப்பிடும் அறையில் பெட்டி இருக்கக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அந்த ஆண்டு இந்தப் பாடமே வேண்டாம்.

தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்தால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு. பரவி நடமாடினால் சரி. இதைக் கவனித்துச் சொல்லும் வேலையைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம். அடியில் வழவழப்பான செய்தித்தாள் போட்டால் கால் சறுக்கி விரிந்துவிடும். சாக்கு விரியுங்கள், சில நாள் கழித்து உமி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் குஞ்சு விழுந்து நனைந்துபோகும். குஞ்சுத்தீவனம் கடையில் கிடைக்கிறது. கிராமத்தில் இன்னொரு வழி உண்டு: பழைய பானைக்குள் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான். அதைக் குஞ்சுகளின் முன் கொட்டும்போது நடக்கிற ரகளைக்கு இணையான வேடிக்கை கிடையாது.

ஏழாம் நாளில் கோழிக்கழிச்சல் நோய்க்கு முதல் சொட்டு மருந்து போட வேண்டும். கண்ணிலோ மூக்கிலோ விடுவார்கள். மருந்துக் குப்பி நூறு குஞ்சுகளுக்கு மேல் போடும் அளவில்தான் வரும் என்பதால், எட்டுக் குஞ்சுக்குத் தனியாக வாங்குவது வீண். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டு அன்றைக்குக் கொண்டுபோகலாம். முட்டை கொடுத்த வீட்டில் அப்போது குஞ்சுக்கோழி ஒன்று இருந்தால் இன்னும் சுலபம். பொரித்த ஓரிரு நாளுக்குள், இருட்டிய பிறகு, அதன் இறக்கைக்கடியில் மெல்ல நுழைத்துவிட்டால் பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் பிள்ளைகள் வளர்ப்பதை இழக்கிறார்களே என்றால், இழக்கிறார்கள்தான். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். குஞ்சுக்கு அதுதான் நல்லது.

மீதி இருப்பது சேவல். பொரித்ததில் பாதி சேவலாகத்தான் இருக்கும். அடுக்குமாடியில் வளர்த்தால் நாலாம் ஐந்தாம் மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்குக் கூவத் தொடங்கும், அசோசியேஷனிலிருந்து கடிதம் வரும். கிராமத்தில் அது கறிக்குப் போகும், இல்லையென்றால் கருப்பசாமிக்கு நேர்ந்துவிடுவார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது தெரியும். நகரத்துப் பிள்ளை ஒருநாள் கேட்கும்: “டீச்சர், நம்ம சேவல் எங்க?” பண்ணையில் ஜாலியாக இருக்கிறது என்று கதை விடுகிறவர்கள், பண்ணைக்குக் கூட்டிப்போகச் சொல்லும்போது மாட்டிக்கொள்வார்கள். “அவங்க வீட்ல சேவல கறிக்கு வளப்பாங்க, பொட்டைய முட்டைக்கு வெச்சுப்பாங்க” என்று முட்டை வாங்கப் போகும் அன்றே, அந்த வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிடலாம். சில பிள்ளைகள் அன்றிரவு கோழிக்குழம்பு வேண்டாம் என்பார்கள், சிலர் இன்னொரு துண்டு கேட்பார்கள். இரண்டு வகைப் பிள்ளைகளையும் வீட்டில் யாரும் கேலி செய்யாமல் இருக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.